பாய்ப்படகுக்கு ஒரு பாலிசி

படகு வாங்கும்போது என்னை யாரும் கேட்கவில்லை. இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும் என்றதும் என் ஞாபகம் வந்துவிட்டது. எந்தக் காகிதத்தையும் கடைசி வரி வரை படிக்கிற ஆள் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான். மருந்துக் கிடங்கில் காலாவதி தேதி பார்க்கிற வேலை எனக்கு. நாள் முழுக்க அட்டைப் பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருப்பேன். "உன் கண்ணுக்குத் தப்பி ஒரு எறும்பு போக முடியாது" என்பார் என் வீட்டுக்காரர். பாராட்டுகிறாரா குத்திக் காட்டுகிறாரா என்று இத்தனை வருஷத்தில் எனக்குப் பிடிபடவில்லை.

படகு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு பேர் காலை மடக்கிக்கொண்டு உட்காரலாம், அவ்வளவுதான். ஃபைபர் உடம்பு, ஒரு பாய்மரம், பெரிய பாய் ஒன்று, அதற்கு முன்னால் சின்னப் பாய் ஒன்று. மோட்டார் கிடையாது. பின்னால் இருப்பவர் சுக்கான் கட்டையைப் பிடித்துத் திருப்ப வேண்டும். முன்னால் இருப்பவர் படகு சாயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னால் அவர், முன்னால் எங்கள் மகள். ஞாயிறுதோறும் துறைமுகத்தை ஒட்டிய குடாவில் இந்தக் கூத்து நடக்கும். குடாவின் வாயில் கல் கொட்டிக் கட்டிய அலைதடுப்புச் சுவர் இருக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் தண்ணீர் சாது. அந்தப் பக்கம் சரக்குக் கப்பல் போகிற வழி.

தண்ணீரைக் கண்டு எனக்குப் பயம் இல்லை. என் பயமெல்லாம் அவரை நினைத்துத்தான்.

போன வருஷம் ஒரு காலையில் அவர் சமையலறையில் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். கோப்பை நிறைந்தது. அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார். மேடை நனைந்து, விளிம்பில் வழிந்து, கொதிக்கக் கொதிக்க அவர் பாதத்திலேயே விழுந்தது. பாதம் நகரவில்லை. கூப்பிட்டேன். கண் திறந்திருந்தது, உள்ளே ஆள் இல்லை. வாய் மட்டும் எதையோ மெல்லுவது போல அசைந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி என்னைப் பார்த்து, "யாரு இவ்வளவு டீயக் கொட்டினது?" என்று கேட்டார். என்னைத்தான் திட்டப் போகிறார் என்றுகூட நினைத்தேன்.

டாக்டர் தலையைப் படம் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. "ஒரு தடவையோட நின்னாலும் நிக்கும். திரும்ப வந்தா மறைக்காம வரணும். அப்படி வந்துட்டா வண்டி ஓட்டக் கூடாது, உயரத்துல ஏறக் கூடாது, தண்ணிப் பக்கமே போகக் கூடாது" என்றார். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவருக்கு உயரம்தான் சோறு போடுகிறது. வெளியே வந்ததும், "இதப் பத்தி வெளிய மூச்சு விடாத. ஆபீஸுக்குத் தெரிஞ்சா நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவான்" என்றார். அதற்குப் பிறகு நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் அவரைப் பார்த்து வந்தேன். ஷேவ் செய்யும்போது பார்ப்பேன், தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் நின்றால் பார்ப்பேன், குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் கதவைத் தட்டுவேன். திரும்ப வரவில்லை. "பாத்தியா, ஒண்ணுமில்ல" என்பார். நானும் சரி என்று மூச்சு விட்டேன்.

மகள்தான் அந்த வருஷத்தில் மாறிப்போனாள். வயது பதினைந்து. தோழிகள், போன், கண்ணாடி என்று இருக்க வேண்டியவள் அப்பா பின்னாலேயே திரிந்தாள். அவர் கடைக்குப் போனால் இவளும் போவாள். காரில் முன் சீட்டில் இவள்தான் உட்காருவாள். பரீட்சைக்கு முந்தின நாள்கூடப் படகில் ஏறிப் போனாள். அப்பா செல்லம் என்று சொந்தக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். எனக்குச் சிரிப்பு வராது. பெற்று வளர்த்தவள் நான், ஒட்டிக்கொண்டு திரிவது அவரிடமா என்று வயிறு எரியும். உண்மையைச் சொல்வதில் எனக்கு என்ன வெட்கம்.

அந்தச் சமயத்தில்தான் படகு கிளப்பில் ஒரு புது விதி போட்டார்கள். எங்களிடம் இருந்தது பழைய பாலிசி. நம் படகு இடித்து மற்றவர் படகு உடைந்தால் அதற்குப் பணம் கொடுக்கும், அதோடு சரி. இனிமேல் படகில் இருக்கிற ஆட்களுக்கும் சேர்த்து எடுத்திருக்க வேண்டும், பழையது முடிகிற வரை பொறுத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். என் சின்னம்மா மகன் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். கார், கடை, கல்யாண மண்டபம் என்று எல்லாவற்றுக்கும் போடுவான், பாய்ப்படகுக்குப் போட்டதில்லை. கூப்பிட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

சாப்பாட்டு மேசையில் காகிதங்களைப் பரப்பினான். "அக்கா, இந்தக் கம்பெனிதான் ஒசத்தி. பாய் கிழிஞ்சா தருவான், மரம் முறிஞ்சா தருவான், கரையில நிக்கிறப்ப எவனாவது தூக்கிட்டுப் போனாலும் தருவான். ஆளுக்கு அடிபட்டாலும் உண்டு. நாலு கேள்வி கேப்பான், அவ்வளவுதான்."

படகு எங்கே நிற்கும், பாய்மரத்தைக் கழற்றி வைப்பீர்களா, பந்தயத்துக்குப் போவீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். அவர் உற்சாகமாகப் பதில் சொன்னார். படகைப் பற்றிப் பேசினால் அவருக்கு வாய் நிறையப் பல்லாக இருக்கும்.

"கடைசி ஒண்ணு. ஓட்டுறவருக்கு மயக்கம், வலிப்பு, நினைவு தப்புறது, ஏதாவது உண்டா?"

"இல்ல" என்றார் அவர். "உண்டு" என்றேன் நான். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

என் தம்பி பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருவரையும் பார்த்தான். "ரெண்டுல எத எழுதட்டும்?"

"ஒரு தடவ வந்துச்சு. அதுவும் போன வருஷம். அதப் போய் ஊர் பூரா தண்டோரா போடணுமா?" என்றார் அவர் என்னிடம்.

"கேட்டா சொல்லணும்ல."

"நீ சொல்லு. நாளைக்கு அது எங்க ஆபீஸ் மேசையில வந்து உக்காரும். அப்பறம் மூணு பேரும் படகப் பாத்துட்டுப் பசியாறிக்கலாம்."

தம்பிக்குச் சங்கடம். அத்தானைப் பகைத்துக்கொள்ளவும் முடியாது, என்னை மீறவும் தைரியம் கிடையாது. முதல் காகிதத்தை மெல்ல மடித்து உள்ளே வைத்தான். "உண்டுன்னு எழுதினா இவன் குடுக்க மாட்டான் அக்கா. சர்டிபிகேட் கேப்பான், அலைய விடுவான். இதோ, இன்னொரு கம்பெனி இருக்கு. படகு என்ன கலர்னு கூடக் கேப்பான், ஒடம்பப் பத்தி வாயத் தெறக்க மாட்டான்."

"கேக்காம விட்டா வராம போயிடுமா?"

"வந்தா, பணம் தர்றப்ப கேப்பான்" என்றான் உண்மையாக. பிறகு ஏன் சொன்னோம் என்பது போலத் தலையைச் சொறிந்தான்.

சுவர் ஓரமாக நின்றிருந்த மகள் அப்போதுதான் மேசைக்கு வந்தாள். "மாமா, ஏதாவது ஆச்சுன்னா சுக்கானப் பிடிச்சிருந்தது யாருன்னு கேப்பாங்களா?"

"கேக்காம? பேர் குடுத்தவங்கதான் பிடிச்சிருக்கணும்."

"அப்ப என் பேரையும் போடுங்க."

"நீ முன்னாலதானம்மா உக்கார்ற. அப்பாதானே ஓட்டுறாரு?"

"போடுங்க மாமா. பாதியில மாறி உக்காந்தா?"

"பாதியில எதுக்கு மாறணும்?" என்று நான் கேட்டேன்.

"சும்மா. அப்பாவுக்குக் கை வலிச்சா."

அவர் நிமிரவில்லை. மேசையில் இல்லாத தூசியைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். "போட்டுடு. பழகட்டும்" என்றார்.

பெரிய மனுஷி ஆகத் துடிக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. எந்தப் பெண்ணுக்கும் அந்த வயதில் ஸ்டியரிங்கும் வேண்டும், சுக்கானும் வேண்டும். ஆனால் அவள் முகத்தில் ஆசை இல்லை. கேட்டது கிடைத்துவிட்ட பிறகும் சிரிக்கவில்லை. அது எனக்கு என்னவோ செய்தது. கேட்டிருக்க வேண்டும், அதற்குள் தம்பி அடுத்த சிக்கலைச் சொல்லிவிட்டான். வயது குறைந்தவர் பெயரைச் சேர்த்தால் பயிற்சி கொடுத்தவரிடம் கடிதம் வாங்க வேண்டும், பாலிசி வர நாளாகும்.

"எவ்வளவு நாளானாலும் ஆகட்டும்" என்றேன். "ஆனா ஒண்ணு. அது கையில வர்ற வரைக்கும் இவ படகுல கால் வைக்கக் கூடாது."

அவர் உடனே தலையாட்டினார். எதற்கும் ஒரு வாரம் வாதாடுகிற மனுஷன், இதற்கு மட்டும் பேச்சே இல்லாமல் ஒத்துக்கொண்டார். மகள்தான் பொரிந்து தள்ளினாள்.

"அப்ப அப்பாவும் போகக் கூடாது."

"பழைய பாலிசி இருக்குல்ல, படகப் பூட்டியா வைக்க முடியும்?" என்றார் அவர்.

"நீங்க தனியா போகக் கூடாது."

"ஏண்டி, உங்கப்பா என்ன பாப்பாவா?" என்று அதட்டினேன். அவள் ஒருமுறை அவரைப் பார்த்தாள், ஒருமுறை என்னைப் பார்த்தாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடித்துச் சாத்தியிருந்தால் நான் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். மெதுவாகத்தான் சாத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் கிளம்பினேன். என் கண்ணைக் கட்டிவிட்டு இரண்டு பேரும் ஏறிவிடுவார்கள் என்ற சந்தேகம்தான். கிளப் என்றால் தகரம் வேய்ந்த ஒரு கொட்டகை, சிமெண்ட் சரிவு, அதில் வரிசையாகக் கவிழ்த்துப் போட்ட படகுகள். எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறவரைச் சங்கு என்று கூப்பிடுவார்கள். அவர் பேசினால் ஆலைச் சங்கு ஊதுவது போல இருக்கும். ஆபத்துக்கு என்று ரப்பரால் செய்த மோட்டார் படகு ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது.

அன்றைக்குக் காற்று மிதமாக, ஒரே சீராக அடித்தது. வானத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. இருந்தும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"இந்தக் காத்துல தூங்கிக்கிட்டே போயிட்டு வரலாம்" என்றார் அவர், லைஃப் ஜாக்கெட்டை இழுத்துக் கட்டியபடி. "அந்த ஆரஞ்சு மிதவ வரைக்கும் போய்ட்டுத் திரும்பிடறேன்."

படகு தண்ணீரில் இறங்கிவிட்டது. மகள் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று படகின் கயிற்றைப் பிடித்திருந்தாள். அவர் ஏறி உட்கார்ந்த பிறகும் விடவில்லை.

"விடும்மா" என்றார் அவர்.

"நானும் வரேன். இன்னிக்கு மட்டும்."

"விடுறியா இல்லையா?" என்றேன் நான். போய் அவள் விரல்களைப் பிரித்தேன். கயிறு அழுந்திக் கோடு விழுந்திருந்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறிவிட்டது. அவரைப் பார்த்துச் சொன்னேன், "நீங்க எப்படியோ போங்க, என் பொண்ண விடுங்க."

அவர் சிரித்தார். பாய் காற்றை வாங்கியது. பார்க்கிறபோதே தூரம் போய்விட்டார்.

நான் சிமெண்ட் சரிவில் உட்கார்ந்தேன். மகள் உட்காரவில்லை. கையில் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள், திறக்கவில்லை. கண் பாயிலேயே இருந்தது. நான் சமாதானமாக ஏதேதோ பேசினேன். பாலிசி வந்ததும் தினமும் போ, யார் தடுக்கிறார்கள் என்றேன். உனக்கு ஒன்று என்றால் நான் என்ன ஆவேன் என்றேன். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. எனக்கு உள்ளூர ஒரு நிம்மதிகூட இருந்தது. பெண் கரையில், என் கைக்கு எட்டுகிற தூரத்தில் நிற்கிறாள்.

"மிதவ வந்துடுச்சு" என்றாள்.

"என்ன?"

"இப்பத் திரும்பணும்."

நானும் எழுந்து பார்த்தேன். ஆரஞ்சு மிதவை ஒரு புள்ளியாகத் தெரிந்தது. பாய் அதைத் தாண்டியது. திரும்பும், இதோ திரும்பும் என்று பார்த்தோம். அது நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"காத்து நல்லா இருக்குன்னு கொஞ்சம் தள்ளிப் போறாரு" என்றேன்.

"இல்லம்மா." அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "சின்னப் பாய் படபடன்னு அடிக்குது பாரு. அப்பா அப்படி விட மாட்டாரு. அவரு இப்ப இல்ல."

"என்னடி உளர்ற?"

"சுக்கானப் பிடிச்சுக்கிட்டே இருப்பாரு. கை மட்டும் இறுகிக்கும். கூப்பிட்டா கேக்காது. நான் பின்னால போய் அவரு விரல எடுத்துட்டு, நான் பிடிச்சுத் திருப்பிக் கொண்டு வருவேன். கரைக்கு வர்றதுக்குள்ள சரியாயிடும்."

"எத்தன தடவ?"

அவள் பாட்டில் மூடியைத் திருகினாள்.

"கார்லயும் வந்துச்சா?"

"கார்ல ஒரே தடவதான். நான் பக்கத்துல இருந்தேன்ல."

ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போல இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை. "ஏண்டி என்கிட்ட சொல்லல?" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் தலைக்கு மேலே எட்டி, பாயைப் பார்த்தாள். "சுவரத் தாண்டப் போறாரும்மா" என்றாள்.

என் காலில் செருப்பு இல்லை, எப்போது விட்டேன் என்று தெரியாது. கொட்டகைக்கு ஓடினேன். சங்கு ஒரு பாயைத் தைத்துக்கொண்டிருந்தார். என் வாயில் வார்த்தை கோவையாக வரவில்லை. மகள்தான் பின்னாலேயே வந்து சொன்னாள். அவர் ஊசியைப் போட்டுவிட்டு எழுந்து வெளியே பார்த்தார். அத்தனை சத்தமாகப் பேசுகிற மனுஷனின் குரல் இறங்கிப்போயிருந்தது.

"எவ்வளவு நேரம் இருக்கும் அது?"

"முன்னெல்லாம் கொஞ்ச நேரம்தான் அங்கிள். போன ஞாயித்துக்கிழம ரொம்ப நேரம்."

போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் வீட்டுக்கு வந்து, வயிறு முட்டச் சாப்பிட்டு, டிவி பார்த்துச் சிரித்தார்கள். நானும் கூட உட்கார்ந்து சிரித்தேன்.

நாங்கள் மூன்று பேருமாக ரப்பர் படகைத் தண்ணீருக்கு இழுத்தோம். மோட்டார் முதலில் இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. நான் ஏறக் காலைத் தூக்கினேன். சங்கு கையை நீட்டித் தடுத்தார்.

"நீங்க வேணாம்மா. ஓடிக்கிட்டிருக்கிற படகுல தாவி ஏறி, சுக்கானப் பிடிச்சு, பாய எறக்கணும். நான் இத விட்டுட்டுப் போக முடியாது. தெரிஞ்சவங்கதான் வரணும்."

தெரிந்தவள் யார் என்று அவர் சொல்லவில்லை. அவள் தண்ணீரில் நின்றபடி என்னைப் பார்த்தாள். ஏறவில்லை. நான் சொல்ல வேண்டும் என்று நின்றாள். சுவருக்கு அப்பால் எங்கேயோ ஒரு கப்பல் நீளமாக ஊதியது.

"ஏறு" என்றேன்.

சொன்னது நான்தான். அவள் கைக்கு அடியில் என் கையைக் கொடுத்து நானே தூக்கிவிட்டேன். ஒரு ஜாக்கெட்டை எடுத்து அவள் மேல் வீசினேன். படகைத் தள்ளிவிட்டதும் நான்தான். அது போன வேகத்தில் தண்ணீர் என் மேல் அடித்தது. அலைதடுப்புச் சுவரின் முனையில் எங்கள் பாய் மறைந்துகொண்டிருந்தது. கொஞ்சத்தில் ரப்பர் படகும் அதே முனையில் மறைந்தது. மோட்டார்ச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

நான் அழவில்லை. வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டு நின்றேன். அவரைத் திட்டினேன், படகு விற்றவனைத் திட்டினேன், கலர் கேட்டு உடம்பு கேட்காத கம்பெனியைத் திட்டினேன். திட்டத் திட்ட முன்னால் நகர்ந்திருக்கிறேன் போலிருக்கிறது. பார்த்தபோது தண்ணீர் இடுப்புக்கு மேல் இருந்தது.

முதலில் ரப்பர் படகுதான் முனையில் தெரிந்தது. அதில் ஒரே ஆள். அந்த நொடியில் நான் பிழைத்திருந்தது எப்படி என்று எனக்கே தெரியாது. அதற்குப் பின்னால் ஒரு கயிறு, கயிற்றின் முடிவில் பாய் இல்லாத எங்கள் படகு வந்தது. மெதுவாகத்தான் வந்தது. கிட்டே வந்தபோது மகளின் தலை தெரிந்தது. அவள் பின்னால் உட்கார்ந்து சுக்கான் கட்டையை முழங்கையால் அணைத்துப் பிடித்திருந்தாள். அவர் அவள் மடியில் தலை வைத்துக் கிடந்தார், முகம் அவள் பக்கமாக. நெற்றி ஓரத்தில் அடிபட்டு ரத்தம் காய்ந்திருந்தது. சங்கு மோட்டாரை அணைத்தார்.

எல்லாம் அமைதியாக இருந்தது. படகு தானாக என்னை நோக்கி மிதந்து வந்தது. அவர் தலை லேசாக அசைந்தது. அவருக்கு நான் முதுகுப் பக்கம் இருந்தேன்; மகள் முகத்தைத் தவிர வேறு எதுவும் அவர் கண்ணில் பட்டிருக்காது. கரகரத்த குரலில், குழந்தையிடம் பேசுவது போல அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அம்மாகிட்ட சொல்லிடாத, என்ன."

"சொல்ல மாட்டேன்பா" என்றாள் அவள்.

கேட்டதும் பதில் வந்துவிட்டது. யோசிக்கவில்லை, மூச்சு வாங்கவில்லை. கை அவர் தலையை வருடியது. கண் மட்டும் தண்ணீரில் நின்ற என் மேல் இருந்தது. நான் படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவர் திரும்பிப் பார்க்கட்டும் என்று நின்றேன்.